‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ – இதற்கு ஆங்கிலத்தில் எந்தத் தொடர் சரியாகப் பொருந்தும்?

மரப்பாச்சி கேட்டது:

ஒரு தமிழ்க் குறும்படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுத வேண்டும். ஒரு வசனத்துக்கு மட்டும் சரியான தொடர் அமையவில்லை.

காட்சி: மளிகைக் கடை, இரவு, கடை அடைக்கும் நேரம். முதலாளி கடைப் பையனிடம் “கல்லாவப் பூட்டிட்டியாலே?” என்று மட்டும்தான் கேட்கிறார். பையன் பதறிப்போய், “அந்த ஐந்நூறு ரூவா நோட்ட நான் பாக்கவே இல்ல அண்ணாச்சி” என்கிறான். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சிட்டை எழுதிக்கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளை நிமிராமலே, “எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற கதையால்லா இருக்கு” என்கிறார். முதலாளி சிரித்துவிடுகிறார்.

இப்போதைக்கு ‘யூ லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ (பையிலிருந்து பூனையை வெளியே விட்டாய், அதாவது ரகசியத்தை விட்டுவிட்டாய்) என்று போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்த இயக்குநர் “அர்த்தம் வருது, ஆனா இந்த இடத்துல அந்த ஆள் இப்படிச் சொல்லமாட்டான்” என்கிறார். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் 2 வரி, நொடிக்கு 17 எழுத்து என்பது கணக்கு. கணக்குப்பிள்ளை வசனம் திரையில் நிற்பது இரண்டரை நொடி. ஆக இடைவெளி, நிறுத்தற்குறி எல்லாம் சேர்த்து 42 எழுத்துக்குள் முடிய வேண்டும். குதிர் என்பது நெல் கொட்டும் பெரிய கலம், கடன்காரனுக்குப் பயந்து அப்பன் அதற்குள் ஒளிந்தான், கேட்காமலே குழந்தை உளறியது என்றெல்லாம் விளக்க இடமே கிடையாது.

பூனைத் தொடர் ஏன் உறுத்துகிறது? ‘ஸ்பில் த பீன்ஸ்’, ‘லெட் ஸ்லிப்’, ‘ஃப்ராய்டியன் ஸ்லிப்’ இவற்றில் ஏதாவது பொருந்துமா?

இன்னொரு காட்சியும் இருக்கிறது. ஒரு கவுன்சிலர், மைக் அணைந்துவிட்டது என்ற நினைப்பில்கூட அல்ல, மேடையிலேயே சாவகாசமாக “தலைக்கு இருநூறு குடுத்தும் இவ்வளவுதான் வந்திருக்காங்க” என்கிறார். பக்கத்தில் நிற்பவர் “போச்சு, உடைச்சுட்டாரு” என்கிறார். அதற்கும் இதே தொடரைப் போடலாமா?

---

ஆவணி:

இரண்டு காட்சியும் வேறு வேறு. கடைக் காட்சியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நம் பழமொழிக்குள் நான்கு சங்கதி இருக்கிறது. ஒன்று, அந்த விஷயத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. இரண்டு, சொல்வது மறுப்பு, ஒப்புதல் அல்ல. மூன்று, உளறியது சொன்னவனுக்குத் தெரியாது. நான்கு, கேட்டவனுக்கு அந்த நொடியே விளங்கிவிடுகிறது. இந்த நான்கையும் ஒரே தொடரில் அடக்கிய ஆங்கில மரபுத்தொடர் கிடையாது. எது எதை விடலாம் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பூனைத் தொடர் ஏன் உறுத்துகிறது என்றால், அதில் வெளியே வருவது பெரும்பாலும் பலர் சேர்ந்து காத்த ரகசியம். பிறந்தநாளுக்குத் திடீர் விருந்து வைக்க நினைத்திருந்தார்கள், ஒருத்தர் வாயை விட்டார், தெரிந்துவிட்டது – அதுதான் பூனைத் தொடருக்கு வழக்கமான இடம். திட்டம், அறிவிப்பு, கல்யாணச் செய்தி, வேலையை விடப்போவது, இப்படி. ஒருவன் தன் திருட்டைத் தானே காட்டிக்கொடுப்பதற்கு அதைச் சொல்வது அரிது. அதோடு அந்தத் தொடரில் ஒரு செல்லத்தனம் இருக்கிறது. சிட்டை எழுதுகிற கணக்குப்பிள்ளையின் குத்தலுக்கு அது ஒட்டாது. மறுப்பு என்ற சங்கதியும் அதில் துளிகூட இல்லை.

‘ஸ்பில் த பீன்ஸ்’ இன்னும் தள்ளிப்போகும். அது பெரும்பாலும் தெரிந்தே சொல்வது, அல்லது துருவித் துருவிக் கேட்டதும் கக்குவது. “சரி, விஷயத்தைச் சொல்லு” என்று நண்பனிடம் கேட்கும்போதுகூட ஏவலாக வரும். தெரியாமல் உளறியதை ஏவலாகக் கேட்க முடியுமா? முடியாது. ஒரு தொடர் ‘தற்செயல்’ வகையா இல்லையா என்று பார்க்க இது நல்ல உரைகல்: அதை ஏவல் வாக்கியமாக்கிப் பாருங்கள், இயல்பாக இருந்தால் அது தற்செயல் வகை அல்ல.

‘லெட் ஸ்லிப்’ தற்செயல்தான். ஆனால் வெளியே வந்த செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இன்னார் இன்னதை வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்று. ‘லெட் இட் ஸ்லிப் தட்…’ என்று பின்னால் ஒரு வாக்கியம் தொங்கும். முகத்துக்கு நேராக அடிக்கும் ஒற்றை வரிக்கு அது உதவாது. மூன்றாம் ஆளைப் பற்றிப் பின்னால் பேசும்போது எடுக்கலாம்.

உங்களுக்கு வேண்டியது ‘கிவ் அவே’ குடும்பம். அதில் மூன்று உருப்படி பயன்படும்.

‘கிவ் த கேம் அவே’ – திட்டமோ தந்திரமோ அம்பலமாவது. பிரிட்டிஷ் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அமெரிக்கர்களுக்கும் புரியும். சொல்லால் மட்டுமல்ல, முகத்தாலும் சிரிப்பாலும்கூட இது நடக்கலாம்.

‘கிவ் யுவர்செல்ஃப் அவே’ – தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது. உங்கள் பையன் செய்தது இதுதான்.

‘டெட் கிவ்அவே’ – பெயர்ச்சொல். ஆளைக் காட்டிக்கொடுக்கும் தடயத்துக்குச் சொல்வது, ஆளுக்கு அல்ல. உதட்டோரம் ஒட்டிய சர்க்கரை ஒரு டெட் கிவ்அவே. பையனை அப்படிச் சொல்லக்கூடாது.

நான் போடுவது: ‘வெல், யூ ஜஸ்ட் கேவ் யுவர்செல்ஃப் அவே.’ ஆங்கிலத்தில் எண்ணினால் 34 எழுத்து. ‘ஜஸ்ட்’ வேண்டும். அது இல்லாவிட்டால் எப்போதோ நடந்ததைச் சொல்வது போலாகிவிடும்.

சொல்வரிசையில் ஒரு எச்சரிக்கை. பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘கேவ் யுவர்செல்ஃப் அவே’. ‘கேவ் அவே யுவர்செல்ஃப்’ என்று எழுதினால் இந்தியர் எழுதிய சப்டைட்டில் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ‘யூ கேவ் அவே’ என்று செயப்படுபொருளை விட்டுவிட்டு நிறுத்தினாலும் தப்பு. எதையோ தானமாகக் கொடுத்தாயே என்ற பொருளுக்குப் போய், எதை என்ற கேள்வி நிற்கும்.

---

தேனீர்க்கடை பெஞ்ச்:

பூனைத் தொடர் சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லிச் சாக்குப்பையில் பூனையைக் கட்டி விற்ற மோசடியிலிருந்து வந்தது. பீன்ஸ் தொடர் பழைய கிரேக்கத்தில் பயறு போட்டு ஓட்டெடுத்தார்களே, அந்தப் பானையைத் தட்டிவிட்டதிலிருந்து. இந்தப் பின்னணியைச் சொன்னால் இயக்குநருக்கு விளங்கும்.

---

ஆவணி:

பெஞ்ச், இரண்டுமே வாட்ஸப்பில் நன்றாக ஓடும் கதைகள், ஆதாரம் கிடையாது. பூனைத் தொடருக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய அச்சுச் சான்று 1760-இல், லண்டன் மேகசின் என்ற இதழில். அங்கே சந்தையும் இல்லை, பன்றிக்குட்டியும் இல்லை. கப்பலில் அடிக்கும், ‘கேட்’ என்றே பெயருள்ள ஒன்பது நுனிச் சவுக்கைப் பையிலிருந்து எடுப்பது என்று இன்னொரு கதையும் உலவுகிறது, அதுவும் அப்படித்தான்.

கிரேக்கர்கள் பயறு போட்டுக் குலுக்கல் எடுத்தது உண்மை. ஆனால் பீன்ஸ் தொடர் அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. நடுவில் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் யாரும் அதை உச்சரிக்காமல் பாதுகாத்து வைத்திருந்தார்களா என்ன?

எப்படியும் சப்டைட்டிலுக்குப் பிறப்புக் கதை உதவாது. இன்றைக்கு எந்த இடத்தில் வழங்குகிறது என்பதுதான் கணக்கு.

---

நாடகமேடை:

‘கிவ் யுவர்செல்ஃப் அவே’யில் மறுப்பு விட்டுப்போகிறதே. பழமொழியின் உயிரே “இல்லை” என்பதில்தான். மறுப்பையே குற்றச்சாட்டாக மாற்றும் தொடர் ஆங்கிலத்தில் உண்டு: ‘ப்ரொடெஸ்ட் டூ மச்’. ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகம், 3-ஆம் அங்கம், 2-ஆம் காட்சி. நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தில் ஒரு ராணி, கணவன் இறந்தால் மறுமணமே செய்யமாட்டேன் என்று சத்தியத்துக்கு மேல் சத்தியம் செய்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் ஹேம்லெட்டின் தாய் கெர்ட்ரூட், இவள் அளவுக்கு மீறிச் சத்தியம் செய்கிறாள் என்று எனக்குப் படுகிறது என்கிறாள். கெர்ட்ரூடே கணவன் இறந்த சூட்டோடு மறுமணம் செய்தவள் என்பதால் அந்த வரிக்கு இரட்டைக் கூர்மை.

அந்தக் காலத்தில் ‘ப்ரொடெஸ்ட்’ என்றால் உறுதியளிப்பது, ஆணையிட்டுச் சொல்வது. எதிர்ப்பது, மறுப்பது என்ற பொருள் இன்றைய வாசகர் மனதில் மேலோங்கியதால், தொடரும் “ரொம்பத்தான் மறுக்கிறானே, அப்போ ஏதோ இருக்கு” என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டது. கடைக் காட்சிக்கு வேண்டியது இந்த இன்றைய பொருள்தான்.

எடுத்தாளும்போது நடக்கும் பிழை ஒன்று: ‘மெதிங்க்ஸ்’ (எனக்குப் படுகிறது) என்ற சொல்லை முன்னால் போட்டு வாக்கியத்தைத் தொடங்குவார்கள். மூலத்தில் அது கடைசியில்தான் வரும்.

---

ஆவணி:

நாடகமேடை, மறுப்பு வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவு இடிக்கிறது. ‘டூ மச்’ என்று சொல்ல வேண்டுமானால் பையன் மூன்று நான்கு தடவை மறுத்திருக்க வேண்டும், அல்லது சாமி மேல் சத்தியம் செய்திருக்க வேண்டும். அவன் சொன்னது ஒரே வரி. மாட்டிக்கொண்டதும் அதிகம் மறுத்ததால் அல்ல, கேட்காததை மறுத்ததால். இன்னொன்று, ஷேக்ஸ்பியர் வாடை அடித்தால் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் ஆள் கல்லூரிப் பேராசிரியர் ஆகிவிடுவார்.

இதே காரணத்தால் அமெரிக்க அதிபராக இருந்த நிக்சனின் பேச்சையும் இந்த இடத்துக்கு உதாரணமாகக் காட்டக்கூடாது. நான் அயோக்கியன் அல்ல என்று அவர் சொன்னது 1973 நவம்பர் 17-இல், ஃப்ளோரிடாவில், பத்திரிகை ஆசிரியர்கள் கேள்வி கேட்கும் கூட்டத்தில். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து உளவு பார்த்த வாட்டர்கேட் விவகாரம் அப்போது ஊரெல்லாம் நாறிக்கொண்டிருந்தது. அது கேட்டதற்குச் சொன்ன மறுப்பு, சொன்ன விதத்தால் எதிராகத் திரும்பியது. குதிருக்குள் அப்பன் இருக்கிறானா என்று யாரும் குழந்தையைக் கேட்கவில்லையே.

---

தடயம்:

தொடரைத் தேடும் முன் அதற்கு முந்தின சப்டைட்டிலைப் பாருங்கள். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது, கணக்குப்பிள்ளை அதைச் சுட்டிக்காட்டுகிறார், அவ்வளவுதான்.

பையன் வசனத்தில் அவனைக் காட்டிக்கொடுப்பது எது? “பாக்கவே இல்ல” அல்ல. “அந்த” என்ற ஒரு சொல். அப்படி ஒரு நோட்டு இருந்தது, அது காணாமல் போனது, இரண்டும் பேசுபவனுக்கும் கேட்பவனுக்கும் ஏற்கெனவே தெரியும் என்று அந்தச் சுட்டு முன்கூட்டியே வைத்துவிடுகிறது. முதலாளிக்கு அது இன்னும் தெரியாது. அடுத்தது தொகை. ஐந்நூறு என்று அவனே சொல்கிறான்.

ஆங்கிலத்தில் எழுத்து மிச்சம் பிடிக்கப்போய் ‘ஐ டிட்ன்ட் சீ எனி மணி’ என்று சுருக்கினால் இரண்டும் போய்விடும். ‘எனி’ போட்டாலே அது வெறும் அப்பாவி மறுப்பு. அதன் பிறகு கணக்குப்பிள்ளை எந்தத் தொடரைச் சொன்னாலும் பார்ப்பவருக்கு ஏன் சிரிக்க வேண்டும் என்று தெரியாது. ‘ஐ நெவர் சா தட் 500-ருப்பீ நோட், பாஸ்.’ ஆங்கிலத்தில் 38 எழுத்து, ஒரே வரியில் உட்காரும். ‘தட்’டைக் கைவிடாதீர்கள். ஐந்நூறை எண்ணாகவே போடுங்கள். கண் அதில்தான் முதலில் விழும்.

முந்தின வரி இப்படி அமைந்துவிட்டால் மரபுத்தொடரே தேவையில்லை. இந்த இடத்தில் ஆங்கிலம் பேசுகிற ஆள் பழமொழி சொல்லமாட்டார், எதிர்க்கேள்வி கேட்பார்: ‘ஹூ செட் எனிதிங் அபவுட் 500 ருப்பீஸ்?’ எண்ணினால் 35 எழுத்து. ‘நோபடி மென்ஷன்ட் ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ்’ என்றால் முற்றுப்புள்ளியோடு 37. யாரும் கேட்கவில்லை, நீ மறுத்தாய், உனக்குத் தெரியவில்லை, எங்களுக்குப் புரிந்துவிட்டது – ஆவணி சொன்ன நான்கும் அந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

துப்பறியும் கதைகளில் “நான் விஷம் என்று சொல்லவே இல்லையே?” என்று வருவது இதே வகை. காவல்துறையிலும் இதற்கு நேரடிப் பயன் உண்டு. குற்றம் நடந்த இடத்தின் சில விவரங்களைப் பத்திரிகைக்குத் தராமல் பிடித்து வைப்பார்கள்: என்ன ஆயுதம், எந்த அறை, என்ன நிறத் துணி. விசாரணையில் ஒருவர் வாயிலிருந்து அந்த விவரம் தானாக வந்தால் அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எழும். இது கெட்டுப்போவதும் எளிது. விசாரிப்பவரே கேள்விக்குள் அந்த விவரத்தை வைத்துக் கேட்டுவிட்டால், பிறகு அது சந்தேக நபர் வாயிலிருந்து வந்தாலும் மதிப்பில்லை. பொய் வாக்குமூல வழக்குகளில் இந்தக் கசிவு பெரிய சிக்கல்.

டேவிட் லிக்கன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் இதையே சோதனையாக்கினார். குற்றம் செய்தாயா என்று கேட்பதில்லை. காணாமல் போன தொகை 200-ஆ, 300-ஆ, 500-ஆ, 700-ஆ, 900-ஆ என்று ஒரே தினுசான தெரிவுகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தோலின் மின்கடத்தல் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். விஷயம் தெரியாதவனுக்கு ஐந்தும் ஒன்றே. தெரிந்தவனுக்கு ஒன்று மட்டும் துள்ளும். முதலில் சொல்லும் தெரிவுக்கு யாருக்கும் உடல் கொஞ்சம் அதிகமாகத் துலங்கும், அதனால் சரியான விடையை முதலிடத்தில் வைப்பதில்லை. அந்த முதல் அளவைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. மீதி நான்கில் ஒன்று என்றால் ஒரு கேள்வியில் குருட்டாம்போக்காக மாட்டும் வாய்ப்பு அதிகம், எனவே பல கேள்விகள் வேண்டும். ஜப்பானியக் காவல்துறை இந்த முறையைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறது. உங்கள் முதலாளி தோலில் கம்பி ஒட்டாமலே வேலையை முடித்துவிட்டார்.

---

மரப்பாச்சி:

“அந்த” விஷயம் கவனிக்கவே இல்லை. நான் எழுதியிருந்தது ‘எனி’ போட்டுத்தான். மாற்றிவிட்டேன்.

எதிர்க்கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு தயக்கம்: அப்படிக் கேட்பது முதலாளியின் குரல் மாதிரி இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஒதுங்கி உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் விமர்சனம் சொல்கிற ஆள். கேள்வி கேட்டால் விசாரணையில் இறங்கிய மாதிரி ஆகாதா?

---

தடயம்:

ஆகும். அப்படியானால் 18 எழுத்தில் ஒன்று இருக்கிறது: ‘கில்ட்டி கான்ஷன்ஸ்?’ நம் “குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்” என்பதன் சுருக்கம் போல. கேள்விக்குறி இருந்தாலும் அது விசாரணை ஆகாது, ஒதுங்கி நின்று சொல்லும் குத்தல். யாரும் ஒன்றும் சொல்லாமலே ஒருவன் பதறும்போது ஆங்கிலம் பேசுவோர் இயல்பாக வீசும் சொல் இது. நிமிராமல் சொல்லலாம்.

குறை என்னவென்றால் பழமொழி சொன்ன நெடி போய்விடும். இரண்டரை நொடி அவர் பேசிக்கொண்டிருக்க, திரையில் இரண்டு சொல் மட்டும் நின்றால், பார்ப்பவர் எதையோ விட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்.

---

நாடகமேடை:

பழமொழி நெடி வேண்டுமானால் பைபிளில் ஒன்று இருக்கிறது. நீதிமொழிகள் 28:1, “ஒருவனும் தொடராதிருந்தும் துன்மார்க்கர் ஓடிப்போகிறார்கள்”. ஆங்கிலத்தில் 1611-ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் பதிப்பின் வாசகம் பழமொழியாகவே புழங்குகிறது. கேட்கப்படாத மறுப்பும், துரத்தப்படாத ஓட்டமும் ஒரே குணம்தான். ஆனால் கணக்குப்பிள்ளை பாதிரியார் ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. முன்னால் பேராசிரியர் ஆனது போதும் என்று ஆவணி சொல்வார்.

---

கிழக்குக்கரை:

சிங்கப்பூர், மலேசியாவில் திரையிடும் எண்ணம் இருந்து, சீன சப்டைட்டிலும் போடப்போகிறார்கள் என்றால் அந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில வரியைக் கொடுக்காதீர்கள், தமிழ் வரியின் பொருளைக் கொடுங்கள். சீனத்தில் இதற்கு அச்சு அசலான ஜோடி இருக்கிறது: ‘இங்கே முந்நூறு தேல் வெள்ளி இல்லை’ (தேல் என்பது பழைய சீன எடை அளவு). ஒருவன் வெள்ளியைப் புதைத்துவிட்டு, பயத்தில் அந்த இடத்தின் மேலேயே இப்படி எழுதி வைத்தானாம். தோண்டி எடுத்துக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரன் ‘பக்கத்து வீட்டுக்காரன் திருடவில்லை’ என்று தன் பெயரோடு எழுதி வைத்தானாம். தொகைகூட உங்கள் பையன் சொன்ன மாதிரியே மறுப்புக்குள் வந்துவிடுகிறது.

இந்தி என்றால் திருடன் தாடியில் துரும்பு. தெலுங்கில் பூசணிக்காய்த் திருடன் என்றதும் தோளைத் தடவிக்கொண்டவன். லத்தீனில் ஒன்று உண்டு, கேளாமல் சொல்லும் சாக்கு வெளிப்படையான குற்றச்சாட்டு என்று. பிரெஞ்சில் அதன் சுருக்கம், சாக்குச் சொல்பவன் தன்னையே சாட்டுகிறான். படித்த ஆங்கிலேயர்கள் சொந்தமாக ஒன்று செய்யாமல் அந்தப் பிரெஞ்சு வாக்கியத்தையே அப்படியே கடன் வாங்கி எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா.

---

ஆவணி:

இனி கவுன்சிலர் காட்சி. அங்கே ‘கிவ் யுவர்செல்ஃப் அவே’ போடாதீர்கள். காசு கொடுத்துக் கூட்டம் சேர்த்தது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும், வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ரகசியம் எதுவும் வெளியே வரவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்ற ஒப்பந்தம்தான் உடைந்தது.

இதற்கு அளவெடுத்துத் தைத்த தொடர் ‘சே த கொயட் பார்ட் அவுட் லவுட்’. மெதுவாகச் சொல்ல வேண்டிய பகுதியைச் சத்தமாகச் சொல்வது. சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரில் 1995-இல் வந்த ஒரு வசனத்தோடு இதை இணைத்துச் சொல்வார்கள். கிரஸ்டி என்ற கோமாளி, மெதுவாகச் சொல்ல வேண்டியதைச் சத்தமாகவும் சத்தமாகச் சொல்ல வேண்டியதை மெதுவாகவும் சொல்லிவிட்டதாகப் புலம்புவான். பின்னாளில் அமெரிக்க அரசியல் செய்தியில் தினசரிச் சரக்காகிவிட்டது. அரசியல்வாதி வாயிலிருந்து வந்ததற்கு வேறு எதையும் தேட வேண்டாம்.

பத்திரிகை வட்டாரத்தில் ‘கின்ஸ்லி காஃப்’ என்றும் ஒன்று உண்டு. மைக்கேல் கின்ஸ்லி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1980-களில் சொன்ன வரையறை: அரசியல்வாதி உளறிவிட்டார் என்றால் பொய் சொன்னார் என்று பொருளல்ல, உண்மையைச் சொல்லிவிட்டார் என்று பொருள். சப்டைட்டிலில் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. படத்தைப் பற்றிய குறிப்பு எழுதும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஃப்ராய்டியன் ஸ்லிப்’ இரண்டு காட்சிக்கும் ஆகாது. ஒரு சொல்லைச் சொல்ல நினைத்து அந்த இடத்தில் வேறொரு சொல் வந்து விழுந்தால், அப்படி விழுந்த சொல் மனதிலுள்ளதைக் காட்டினால், அப்போதுதான் அது. ஃப்ராய்ட் இதைப் பற்றி எழுதியது 1901-இல். அவர் எடுத்துக்காட்டும் ஒன்று: ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவர், போதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள், இத்துடன் கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ‘தொடங்குகிறது’ என்று சொல்ல வேண்டிய இடம். எப்போதடா முடியும் என்று உள்ளுக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது. உங்கள் கவுன்சிலர் “தொண்டர்களே” என்பதற்குப் பதில் “கூலிகளே” என்று தொடங்கியிருந்தால் ஃப்ராய்டை அழைக்கலாம். அவர் ஒரு சொல்லும் மாற்றிச் சொல்லவில்லை, நினைத்ததை அப்படியே சொன்னார்.

சீட்டாட்டத் தொடர்களும் யாராவது சொல்வார்கள் என்பதால் முன்பே சொல்லிவிடுகிறேன். ‘ஷோ யுவர் ஹேண்ட்’ என்றால் கையிலுள்ள சீட்டைக் காட்டுவது, பெரும்பாலும் வேண்டுமென்றே. ‘டிப் யுவர் ஹேண்ட்’ என்றால் சீட்டு சரிந்து எதிராளி கண்ணில் பட்டுவிடுவது, பெரும்பாலும் தெரியாமல், அமெரிக்க வழக்கு. இரண்டும் இனிமேல் செய்யப்போவதைப் பற்றியவை. பையன் மாட்டிக்கொண்டது செய்து முடித்ததற்கு.

---

மரப்பாச்சி:

கவுன்சிலருக்கு ‘ஹி செட் த கொயட் பார்ட் அவுட் லவுட்’ போட்டுவிட்டேன். கடைக்கு இப்போதைக்கு ‘வெல், யூ ஜஸ்ட் கேவ் யுவர்செல்ஃப் அவே’. ‘யூ’வா ‘ஹி’யா என்று மட்டும் யோசனை. பையனைப் பார்த்துச் சொல்லவில்லையே.

---

ஆவணி:

‘ஹி’. நீங்கள் முன்பு சொன்ன ஒதுக்கமும் அதில் கிடைத்துவிடும். ‘வெல், ஹி ஜஸ்ட் கேவ் ஹிம்செல்ஃப் அவே.’ 32 எழுத்து. பையன் அங்கேயே நிற்கும்போது அவனை விட்டுவிட்டு முதலாளியிடம் சொல்வது போல இருப்பதால் குத்தல் கூடும்.

---

தடயம்:

கடைசியாக நேரக்கணக்கு. இந்த மாதிரிக் காட்சியில் சப்டைட்டிலே குட்டை உடைத்துவிடும். பையன் வசனமும் கணக்குப்பிள்ளை வசனமும் அடுத்தடுத்து வருகின்றன என்பதற்காக இரண்டையும் கோடு போட்டு ஒரே சட்டகத்தில் இரண்டு வரியாக அடைக்காதீர்கள். பார்ப்பவர் பையன் வாய் திறக்கும்போதே கீழ் வரியையும் படித்துவிடுவார், பிறகு நடிகர் சொல்லும்போது ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். தனித்தனி சப்டைட்டில், நடுவில் 2 ஃபிரேம் இடைவெளி.

கணக்குப்பிள்ளை வரியை அவர் குரல் தொடங்கும் ஃபிரேமிலேயே ஏற்றுங்கள், முன்னால் வேண்டாம். அவர் பேசும் முன் நிறுத்தம் விட்டால் அந்த நிறுத்தத்தில் திரை காலியாக இருக்கட்டும். பையன் வரியை அவன் பேசி முடித்த பிறகு இழுக்க இடமிருந்தால் அரை நொடி இழுக்கலாம். ‘தட்’டும் 500-உம் மனதில் பதிய நேரம் வேண்டும். இழுத்தது அந்த நிறுத்தத்தைத் தின்றுவிடக்கூடாது. முதலாளி சிரிக்கும் ஷாட்டுக்கு வெட்டு விழும்போது வரி போய்விட்டிருக்க வேண்டும், வெட்டைத் தாண்டி ஓரிரண்டு ஃபிரேம் தொங்கினால் கண்ணுக்குப் பளிச்சென்று அடிக்கும்.